அந்த ராஜாவுக்குப் பெயர் கிடையாது

புதன்கிழமை பைபிள் வகுப்பை மறுபடியும் எடுக்கணும்னு கேட்டு இந்த வீட்டுப் படியேறின மூணாவது ஆள் நீங்க, ஐயரம்மா. முன்னால பெண்கள் சங்கத்துல இருந்து ரெண்டு பேர் தனித்தனியா வந்தாங்க. முட்டுவலின்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்ககிட்ட அப்படிச் சொல்ல வாய் வரல. நீங்க நேசபுரத்துக்கு வந்து இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. முதல் ஆராதனை முடிஞ்ச கையோட, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா வந்திருக்கீங்க. அதனால உள்ளதைச் சொல்றேன். எனக்கு முட்டுவலி கிடையாது. என்னை ஏமாத்திட்டாங்க. அதான் விஷயம்.

ஏமாத்தினது யாருன்னா, உங்க வீட்டு ஐயருக்கு முன்னால இங்க சபைப் போதகரா இருந்தாரே, ஜெரால்டு ஐயர், அவர்தான். அவர்னு மரியாதைக்குச் சொல்றேன். மனசுல அவன்னுதான் வருது. எட்டாங் கிளாஸ்ல எங்கிட்ட தமிழ் படிச்ச பையன். சின்ன ர-வும் பெரிய ற-வும் எங்க வரும்னு தெரியாம முழிப்பான். நான்தான் பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பையன் அங்கி போட்டுக்கிட்டு இந்த ஊருக்கே ஐயரா வந்து, முதல் நாளே என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், எனக்காக ஜெபம் பண்ணுங்க"ன்னு குனிஞ்சு நின்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

நாற்பத்தஞ்சாம் சங்கீதம் உங்களுக்குத் தெரியும். ஐயர் வீட்டுல தெரியாம இருக்குமா. ஒரு ராஜாவுக்குக் கல்யாணம், பாட்டுக்காரன் ஒருத்தன் அவனைப் புகழ்ந்து பாடுறான். நீ அழகன்ங்கிறான், இடுப்புல வாளைக் கட்டிக்கிட்டுப் புறப்படுங்கிறான், உன் அம்பு கூர்மையானது, எதிரிங்க விழுவாங்கங்கிறான், உன் சிங்காசனம் என்னைக்கும் நிக்குங்கிறான். அதுக்கப்புறம் பொண்ணு வர்றா. கல்யாண வீட்டுல எல்லா ஐயர்மாரும் பொண்ணு வர்ற பகுதியை எடுத்துப் பேசிட்டு, கேக் வெட்டப் போயிருவாங்க. வாளையும் அம்பையும் தொடமாட்டாங்க. அதை எப்படி இயேசுவுக்குப் பொருத்திச் சொல்றதுன்னு கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்ல. பத்தொம்பது வருஷம் புதன்கிழமைதோறும் வகுப்பு எடுத்தேன், வருஷத்துல ஒரு மாசம் அந்தச் சங்கீதம்தான்.

நான் என்ன சொல்லுவேன்னா, முதல்ல அந்த ராஜாவுக்குப் பாட்டுல பேர் இல்ல. தேடிப் பாருங்க, இருக்காது. சாலொமோனைப் பத்தினதுன்னு சிலர் சொல்லுவாங்க, அது அவங்க சொல்றது. வேணும்னேதான் பேரை விட்டிருக்கு. அந்தச் சிங்காசனத்துல மனுஷன் எவனைத் தூக்கி உக்கார வச்சாலும் அவன் கால் தரைக்கு எட்டாது. எபிரெயர் நிருபத்துல அந்த வரியை எடுத்து, இது தேவகுமாரன் இயேசுவைப் பார்த்துச் சொன்னதுன்னு எழுதியிருக்கு. அதோட அந்த இடத்துக்கு ஆள் முடிவாயிட்டு.

அடுத்தது வாள். கட்டிக்கோன்னுதான் இருக்கு, உருவுன்னு இல்ல. எதுக்காகக் கட்டுறார்? சத்தியத்துக்காக, நீதியோட சேர்ந்த சாந்தத்துக்காக. சாந்தத்துக்காக வாள் கட்டின ராஜாவை உலகத்துல வேற எங்கயாவது கண்டதுண்டா. இவர் கட்டினார். கட்டிக்கிட்டு ஏறினது குதிரையில இல்ல, கழுதையில. அவர் அம்பு போய்த் தைக்கிற இடம் இருதயம். தைச்சவன் விழுறான், ஆனா சாகல. சபையை அழிக்கப் போன சவுல் தமஸ்கு ரோட்டுல விழுந்தானே, செத்தா போனான்? பவுலா எழுந்திருச்சான். இந்த ராஜா முன்னால விழுறவன் எல்லாம் எழுந்திருக்கத்தான் விழுறான்.

இதைச் சொல்லும்போது பொம்பளைங்க முந்தானையால கண்ணைத் துடைப்பாங்க. பீடி சுத்துற கையோட வந்து உக்கார்ந்திருக்கிறவங்க. "டீச்சர், எங்க ஐயர்மார் யாரும் இப்படிச் சொன்னதில்ல"ம்பாங்க. புகழ்ச்சிக்காகச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

எனக்கு ஒரே தம்பி, பொன்சிங். கூட்டுறவு பேங்க்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். திருமண்டலப் பெருமன்றத்துக்கு எங்க சபையில இருந்து ஓட்டுப் போட்டு ஒரு ஆளை அனுப்புவோம்லா, ரெண்டு தடவை அவன்தான் போனான். நல்லவன். வாய்தான் கொஞ்சம். மூணு வருஷத்துக்கு முன்னால பெண்கள் ஞாயிறுக்கு யாரைச் செய்தி கொடுக்கச் சொல்லலாம்னு கமிட்டியில பேச்சு வந்திருக்கு. வயலட் டீச்சரைக் கேப்போம்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். இவன், "எங்க அக்காவா, அவ ஆரம்பிச்சா மத்தியானச் சோறு ஆறிரும்"னான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. பாளையங்கோட்டையில இருந்து யாரோ ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தம்மா கால் மணி நேரத்துல முடிச்சிட்டுப் போயிட்டாங்க. அவன் அதை அன்னைக்கே மறந்துட்டான். நானும் மறந்துட்டேன்.

போன வருஷம் ஆகஸ்ட்டுல, கோயில்ல ஊருக்கே சோறு போடுற அசனப் பண்டிகை. அது முடிஞ்சு ரெண்டு வாரத்துல பெருமன்றத் தேர்தல். பொன்சிங் மூணாவது தடவையா நின்னான். எதிர்த்து நின்னது வில்பிரட், கல் உடைக்கிற கிரஷர் வச்சிருக்கிறவர். நம்ம திருமண்டலப் பள்ளிக்கூட மைதானம் ரோட்டோரமா இருக்குல்லா, அதை லாரி நிறுத்தக் குத்தகைக்குக் கேட்டுக்கிட்டே இருந்தார். பொன்சிங் பெருமன்றத்துல எழுந்து நின்னு ரெண்டு தடவையும் தடுத்துட்டான். பிள்ளைங்க எங்க போய் ஓடும்னு கேட்டான். ஜெரால்டு ஐயர் வில்பிரட் பக்கம்னு ஊர்ல பேச்சு. கோயில் அரசியல் எனக்கு ஆகாது, நான் காதுல போட்டுக்கல.

ஜூலையில ஒருநாள் ஜெரால்டு வந்தான். "டீச்சர், பண்டிகைக்கு நீங்கதான் செய்தி கொடுக்கணும். நாற்பத்தஞ்சாம் சங்கீதம். எழுதிக் கொடுங்க, சின்னப் புஸ்தகமாவும் போட்டு வீட்டுக்கு வீடு கொடுத்துருவோம்"னான். ஐயரம்மா, பண்டிகை மேடை. வெளியூர்ல இருந்தெல்லாம் சனங்க வரும். பொம்பளை யாரும் அதுவரைக்கும் அந்த மேடையில பேசினதில்ல. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல. ராஜா, வாள், அம்பு, சிங்காசனம், மணவாட்டி எல்லாத்தையும் பத்தொம்பது வருஷமா யோசிச்சு வச்சிருந்ததை இருபத்திரெண்டு பக்கம் எழுதினேன். தம்பிகிட்டச் சொல்லல. மேடையில பார்த்துக்கட்டும்னு விட்டுட்டேன்.

புரூஃப் வந்தது. படிச்சுத் திருத்திக் கொடுத்தேன், உள்ள நான் எழுதினது முழுசா இருந்தது. பண்டிகைக்கு முந்தின வாரம் அது. சிவப்பு மையில திருத்தினேன், பள்ளிக்கூடப் பழக்கம். அட்டையில நடுவுல ஒரு கட்டம், படம் போட வெறுமையா விட்டிருந்தது. அதுக்குக் கீழே 'நம் சபையின் வீறர்'னு இருந்தது. வல்லின ற போட்டிருந்தான். அதை அடிச்சு, இடையின ர போட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. இயேசு படம் வரும்னுதான் நினைச்சேன். இயேசுவை யாராவது நம் சபையின் வீரர்னு எழுதுவாங்களான்னு இப்ப நீங்க கேக்கலாம். நான் தமிழ் டீச்சர், எழுத்துப் பிழையைப் பார்த்தேன்.

பண்டிகை அன்னைக்கு மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கிட்டு முதல் வரிசையில உக்கார்ந்திருந்தேன். கையில குறிப்பு. எதிர்ப்பக்கம் ஆம்பளைங்க வரிசையில பொன்சிங். செய்தி நேரம் வந்ததும் ஜெரால்டு எழுந்தான். என் பேரைச் சொல்லுவான்னு நான் சேலையைச் சரிபண்ணிக்கிட்டு எழுந்திரிக்கப் போறேன். அவனே மைக்கைப் பிடிச்சு ஆரம்பிச்சிட்டான். நான் பாதி எழுந்தவ அப்படியே உக்கார்ந்தேன். பக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

என் வார்த்தைதான் ஐயரம்மா. ஒவ்வொண்ணும் என் வார்த்தை. கழுதை, தமஸ்கு ரோடு, எல்லாம். நல்லாத்தான் சொன்னான், அதையும் சொல்லணும். ராஜா எதுக்காக வாள் கட்டுறார்ங்கிற இடம் வந்தது. நான் உதட்டுக்குள்ளேயே கூடச் சொல்லிக்கிட்டு வர்றேன். அவன், "சத்தியத்துக்காகவும் நீதிக்காகவும்"னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிட்டான். சாந்தத்தைச் சொல்லல. மறந்துட்டானோன்னு நினைச்சேன். மறக்கல. விழுறவன் எழுந்திருக்கிறதைப் பத்தி நான் எழுதின மூணு பக்கத்தையும் சொல்லல. "எதிர்த்து நிக்கிறவங்க விழுவாங்க"ன்னு நிறுத்தினான். நிறுத்திட்டு ஆம்பளைங்க வரிசையைப் பார்த்தான். சனமும் பார்த்தது. பொன்சிங் மடியில இருந்த பைபிளையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம் வில்பிரட்டை மேடைக்குக் கூப்பிட்டாங்க. கட்சிக் கூட்டத்துல கொடுப்பாங்களே வெள்ளி வீரவாள், அதே மாதிரி ஒண்ணு. சிவப்புத் துணி சுத்தி, ஜெரால்டு ரெண்டு கையாலயும் எடுத்துக் கொடுத்தான். வில்பிரட் உருவித் தூக்கிப் பிடிச்சார். கைதட்டல். போட்டோக்காரங்க. புஸ்தகத்தைப் பந்தியில இலைக்கு இலை வச்சாங்க. அட்டையில அந்தக் கட்டத்துக்குள்ள வில்பிரட் படம், கீழே நம் சபையின் வீரர். எழுத்துப் பிழை இல்லாம இருந்தது. உள்ள சாந்தமும் இல்ல, அந்த மூணு பக்கமும் இல்ல. கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல, ஆய்வு உதவி வயலட் டீச்சர்.

பேரே இல்லாத ராஜாவுக்குப் பேர் எழுதிட்டான் பாருங்க. பத்தொம்பது வருஷம் நான் கட்டினதை ஒரு மத்தியானத்துல ஓட்டுக்கேக்கிற நோட்டீஸ் ஆக்கிட்டான். நான் அசனச் சோறு சாப்பிடாம வந்துட்டேன். போய்க் கேக்கல. கேட்டிருக்கணும்னு இப்பச் சொல்லலாம். தேர்தலுக்கு ரெண்டு வாரம் இருந்தது, அந்தப் புதன்கிழமை வகுப்புலயாவது எழுந்து, இது நான் எழுதினது இல்ல, திரிச்சிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். பொம்பளைங்க எல்லாரும் புஸ்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு, "டீச்சர், உங்க பேர் அச்சுல வந்திருக்கு"ன்னு சந்தோஷமா வந்து நின்னாங்க. அந்த நேரத்துல என்னத்தைச் சொல்ல.

வில்பிரட் முப்பத்தொரு ஓட்டுல ஜெயிச்சார். மத்தியானம் மூணு மணிக்கு முடிவு சொன்னாங்க, நாலு மணிக்கு மேளத்தோட ஊர்வலம். நான் போகல, கேள்விப்பட்டதுதான். வாளைப் பிடிச்சுக்கிட்டு முன்னால அவர். ஊர்வலம் பொன்சிங் வீட்டு முன்னால நின்னுட்டு. கேட்டுக்கு வெளிய வெடி போட்டிருக்காங்க. தம்பி பெண்டாட்டி ஜெமிமா, உள்ள வாங்கன்னு அவன் கையைப் பிடிச்சு இழுத்திருக்கா. அவன் கேட்டையாவது சாத்துவோம்னு இறங்கி வந்திருக்கான். இவன் உள்ள இருந்து தள்ள, வெளிய இருந்து நாலு பேர் தள்ள, கேட்டுக் கதவு வந்து நெஞ்சுல அடிச்சு விழுந்துட்டான். அறுபத்தோரு வயசு. மணிக்கட்டு முறிஞ்சது, முழங்கால் சில்லு பிசகிட்டு. விழுந்ததும் கூட்டத்துல, "விழுந்தான், விழுந்தான், சொன்ன மாதிரி விழுந்தான்"னு கத்தியிருக்காங்க. அவங்க எல்லாம் நம்ம சபைப் பிள்ளைங்க. ஓய்வுநாள் பள்ளியில வசனம் சொல்லிப் பரிசு வாங்கினவங்க. மைதானத்துல இப்ப லாரி நிக்குது, நீங்களே பார்த்திருப்பீங்க.

ரெண்டு மாசம் நான் தம்பி வீட்டுக்குப் போகல. பக்கத்துத் தெருதான். அவன் கோபமா இருப்பான்னு நினைச்சேன். அவனும் ஆள் அனுப்பல. சனங்க என்னென்னவோ சொன்னாங்க. அக்காவே தம்பியை விழத்தட்டப் புஸ்தகம் எழுதிக் கொடுத்தான்னு ஜெமிமாவோட அண்ணன் மார்க்கெட்டுல வச்சே பேசினாராம். எனக்கு அழுகையா வந்தது. ஏமாந்தது நான், பழியும் எனக்கா.

நவம்பர்ல ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் போனேன். நாற்காலியில உக்கார்ந்து, இன்னொரு நாற்காலியில காலை நீட்டி வச்சிருந்தான். ரொம்ப மெலிஞ்சு போயிருந்தான். ஜெமிமா என்னைப் பார்த்ததும் அடுக்களைக்குள்ள போயிட்டா. வான்னுகூடச் சொல்லல. கொஞ்ச நேரம் மழையைப் பத்திப் பேசினோம். அப்புறம் அவன் சொன்னான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ சொல்றதுதான். வேற யார் பேச்சையும் நான் எடுக்கல."

"கேளு."

"அந்தப் புஸ்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னால நீ பார்த்தியா?"

பார்க்கலன்னு சொன்னேன்.

நான் பார்த்தப்போ அதுல படம் இல்ல, ஐயரம்மா. கட்டம் வெறுமையாத்தான் இருந்தது. அப்படின்னா அதைப் பார்த்ததுன்னு எப்படிச் சொல்றது. ஆனா அவன் அப்படி இழுத்துக் கேக்கல. பார்த்தியான்னுதான் கேட்டான். பார்க்கலன்னுதான் சொன்னேன்.

அவன் உடனே அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஜெமிமா, கேட்டியா, நான் சொன்னேம்லா. எங்க அக்கா பார்க்கல"ன்னான். சத்தமாச் சொன்னான். சொல்லும்போதே அழுதுட்டான். அம்மா செத்தப்போகூட அவன் அப்படி அழல. ஜெமிமா வெளிய வந்து என்னை ஒரு பார்வை பார்த்தா. தட்டு வச்சு சாளை மீன் குழம்பு ஊத்தினா. சாப்பிட்டேன். அவன் இடது கையால எனக்கு இன்னொரு துண்டு எடுத்து வச்சான்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்துட்டான், கைத்தடி ஊணிக்கிட்டு. தேர்தலுக்குப் பிறகு அன்னைக்குத்தான் வர்றான். அறிவிப்பு எல்லாம் முடிஞ்சு கடைசிப் பாட்டுக்கு முன்னால எழுந்து நின்னான். சண்டைக்கு வந்திருக்கான்னு நினைச்சு வில்பிரட் பக்கத்துல ரெண்டு பேர் எழுந்திருச்சாங்க. இவன் சண்டை போடல. "என்னைத் தள்ளினவங்க யார்னு எனக்குத் தெரியும், நான் யார்மேலயும் கேஸ் கொடுக்கல, கொடுக்கவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். எங்க அக்காவை ஏமாத்திட்டாங்க. அவ எழுதினது வேற, அச்சுல வந்தது வேற. அவளுக்குக் காட்டாமலே அச்சுக்குக் கொடுத்துட்டாங்க. அவமேல யாரும் வருத்தம் வைக்காதீங்க"ன்னான். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பரிதாபமாப் பார்த்தாங்க.

நான் ஜெரால்டைப் பார்த்தேன். அவன் பலிபீடத்துப் பக்கம் நின்னு என்னைப் பார்த்துக்கிட்டு இருந்தான். புரூஃப் தாள் அவன்கிட்டதான் இருக்கு. சிவப்பு மை, என் கையெழுத்து, வீரர்ங்கிற வார்த்தைமேல ஒரு கோடு. டீச்சர் பார்த்துத்தான் கொடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், பழி பாதி அவன்மேல இருந்து இறங்கியிருக்கும். சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆசீர்வாதம் சொல்லி ஆராதனையை முடிச்சான். சபை முழுக்க அவனைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டுத்தான் வெளிய போச்சு.

மே மாசம் மாற்றலாகிப் போறப்போ இங்க வந்தான். நான் உள்ள வான்னு சொல்லல. வாசல்லயே நின்னான். "டீச்சர், நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்"னான். "சொல்றதுக்கு என்னப்பா இருக்கு"ன்னு கேட்டேன். அவன் படியிறங்கிப் போயிட்டான். எனக்கு அவன்மேல அன்னைக்கு வந்த கோபம் இன்னும் ஆறல. செய்யுறதையும் செஞ்சிட்டு, என்னமோ என்னைக் காப்பாத்துறவன் மாதிரி வந்து நிக்கிறான். என் சங்கீதத்தை எடுத்தவன் அவன். என் மேடையை எடுத்தவன் அவன். இப்ப, ஏமாந்தவ நான்ங்கிற அந்த ஒண்ணையும் எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போறான்.

நவம்பர்ல தம்பி எழுந்து நின்னானே, அந்த ஞாயிறுதான் நான் கோயிலுக்குக் கடைசியா வந்தது. ஏழு மாசம் ஆச்சு. அவன் ஒரு வாரம் தவறாம வர்றான். வில்பிரட்டுக்குக்கூடக் கை கொடுக்கிறான்னு கேள்வி. நான்தான் வரல. புதன்கிழமை வகுப்புக்கு வந்து உக்கார்ந்தா, யாராவது ஒரு பொம்பளை அந்தச் சங்கீதத்தைச் சொல்லுங்க டீச்சர்னு கேப்பா. பாவம் டீச்சர், உங்களை இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு இன்னொருத்தி சொல்லுவா. நான் அதுக்குத் தலையாட்டணும். அன்னைக்குக் கோயில்ல ஒரு தடவை ஆட்டியாச்சு, வாரவாரம் ஆட்டணும்னா என்னால முடியாது.

உங்க வீட்டு ஐயர்கிட்ட முட்டுவலின்னே சொல்லிருங்க.

ரெண்டாம் ஆராதனை முடிஞ்சு மணி அடிக்கிறாங்க, கேட்டீங்களா. இப்ப தம்பி வருவான். ஞாயிறுதோறும் கோயில்ல இருந்து நேரா இங்க வந்து, இன்னைக்கு என்ன செய்தின்னு எனக்குச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். நீங்க போகாதீங்க, இருங்க. ஐயரம்மா வந்திருக்காங்கன்னா அவனுக்குச் சந்தோஷமா இருக்கும். எங்க அக்கா மனசு உடைஞ்சு போயிட்டு, அவளை எப்படி ஏமாத்தினாங்க தெரியுமான்னு உங்ககிட்டயும் ஆரம்பிப்பான். கேட்டுக்கிட்டு இருங்க. நடுவுல எதுவும் சொல்லிராதீங்க.